ஹிட் கொடுக்காவிட்டால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பேஸ்பால் கட்டுரையை ஒரே மூச்சில் படித்தேன். தமிழில் இந்த ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்களே குறைவு, அதற்கே ஒரு சபாஷ். ஆனால் 'எதிரணிக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் ஜெயித்தால் அது பெர்ஃபெக்ட் கேம்' என்ற வரி தவறு. அதற்குப் பெயர் நோ-ஹிட்டர். (பேட்டர் ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய இடம் பேஸ். ஃபீல்டரின் தவறு இல்லாமல், பந்தை அடித்து அங்கே போய்ச் சேர்ந்தால் அது ஹிட்.)

பெர்ஃபெக்ட் கேம் என்றால் எதிரணி ஆள் ஒருவர்கூட, எந்த வழியிலும், பேஸுக்குப் போய்ச் சேரக் கூடாது. நாலு பந்தைத் தப்பாகப் போட்டு 'வாக்' (பேட்டர் அடிக்காமலே முதல் பேஸுக்குப் போவது) கொடுத்தால் போச்சு. பந்து பேட்டர் மேல் பட்டால் போச்சு. ஃபீல்டர் கோட்டைவிட்டு ஆள் பேஸுக்கு வந்துவிட்டாலும் போச்சு. இன்னிங்ஸுக்கு மூன்று பேர் வீதம் ஒன்பது இன்னிங்ஸிலும் வந்த 27 பேரும் வந்த வழியே திரும்ப வேண்டும். 2015இல் மேக்ஸ் ஷெர்சர் என்ற பிட்சர் (பந்து வீசுபவர்) 26 பேரை அப்படி அனுப்பிவிட்டு 27ஆவது ஆளின் முழங்கையில் பந்தை வீசிவிட்டார். அவர் கணக்கில் நோ-ஹிட்டர்தான் ஏறியது.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு இது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரியும். 1999இல் டெல்லியில் கும்ப்ளே பத்து விக்கெட்டையும் எடுத்தபோது 74 ரன் கொடுத்தார், யாராவது குறை சொன்னோமா? இங்கேயோ பிட்சர் மட்டுமல்ல, அவர் பின்னால் நிற்கிறவர்களும் தவறக் கூடாது. 1880 முதல் 2023 வரை அமெரிக்காவின் பெரிய லீக்குகளில் இது 24 முறைதான் நடந்திருக்கிறது.

25ஆவதாக ஒன்று இருந்திருக்க வேண்டும். 2010இல் மகன் வீட்டில் தங்க டெட்ராய்ட் பக்கம் போயிருந்தேன். ஜூன் 2 அன்று அந்த ஊர் டைகர்ஸ் அணிக்கு அர்மாண்டோ கலராகா பந்து வீசினார். எட்டு இன்னிங்ஸ் வரை ஒருவரும் பேஸ் ஏறவில்லை. ஒன்பதாவது இன்னிங்ஸின் முதல் பந்தைக் கிளீவ்லாந்து ஆள் தூக்கி அடிக்க, ஆஸ்டின் ஜாக்சன் முதுகைக் காட்டி ஓடிப் பிடித்தார். மகன் சோபாவிலிருந்து எழுந்துவிட்டான். இன்னொருவரும் அவுட். 27ஆவது ஆள் தரையோடு அடித்த பந்தைக் கப்ரேரா எடுத்து எறிய, அடித்தவர் வருவதற்கு முன்பே கலராகா முதல் பேஸுக்கு ஓடி வந்து வாங்கினார். நன்றாகவே அவுட். அம்பயர் ஜிம் ஜாய்ஸ் 'சேஃப்' என்றார்! கலராகா ஒரு சின்னச் சிரிப்போடு திரும்பிப் போய் 28ஆவது ஆளை அவுட்டாக்கினார். பின்னர் வீடியோ பார்த்த ஜாய்ஸ் தவறை ஒப்புக்கொண்டு கலராகாவிடம் மன்னிப்புக் கேட்டார். ஆனாலும் பதிவேட்டில் அது இன்றுவரை ஒரு ஹிட் ஆட்டம்தான்.

இதைவிடக் கொடுமை ஹார்வி ஹாடிக்ஸ் கதை. 1959 மே 26 அன்று மில்வாக்கியில், பிட்ஸ்பர்க் அணிக்காக, 12 இன்னிங்ஸில் 36 பேரையும் வரிசையாக அனுப்பினார். அவருடைய அணி 12 ஹிட் அடித்தும் ஒரு ரன் எடுக்கவில்லை, அதனால்தான் ஆட்டம் ஒன்பதோடு முடியாமல் நீண்டது. 13ஆவது இன்னிங்ஸில் ஃபீல்டர் ஒருவர் பந்தைத் தப்பாக எறிய, எதிரணிக்கு முதல் ஆள் பேஸில் வந்து நின்றார். கொஞ்ச நேரத்தில் 1-0 என்று தோல்வி. 1991இல் வந்த வரையறைப்படி ஆட்டம் குறைந்தது ஒன்பது இன்னிங்ஸ் நடக்க வேண்டும், ஜெயிக்கவும் வேண்டும், கடைசிவரை ஒருவரும் பேஸ் ஏறியிருக்கக் கூடாது. ஹாடிக்ஸ் பட்டியலில் இல்லை. அது சரிதான் என்பது என் கட்சி. மகன் ஒத்துக்கொள்ள மாட்டான், போனில் இன்னும் சண்டை நடக்கிறது.

அப்புறம், கட்டுரையில் பேஸ்பால் போலவே ஆடும் சாஃப்ட்பாலையும் '27 பேர்' கணக்கிலேயே சேர்த்திருந்தீர்கள். அங்கே ஏழு இன்னிங்ஸ்தான், ஆகவே 21 பேர். ரன் வித்தியாசம் பெரிதாகி ஆட்டம் ஐந்து இன்னிங்ஸோடு நின்றால் 15 பேரே போதும். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நெதர்லாந்துக்கு எதிராக மோனிகா அபாட் வீசியது அப்படிப்பட்டதுதான். பேஸ்பாலில் 1984இல் டேவிட் பாமரும் ஐந்து இன்னிங்ஸில் 15 பேரை அனுப்பினார். அங்கே மழை வந்து ஆட்டத்தை முடித்துவிட்டது, அதனால் கணக்கில் இல்லை.

அடுத்த இதழில் ஒரு சின்னத் திருத்தம் போட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்