வன உயிரின வாரம் குமரிக்கு எப்போது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆண்டுதோறும் அக்டோபர் 2 முதல் 8 வரை வன உயிரின வாரம் கொண்டாடப்படுகிறது. நம் மாவட்டத்தில் அந்த நாட்கள் பெரும்பாலும் காலாண்டு விடுமுறையை ஒட்டியும் மழைக்காலத்திலும் வருவதால், பள்ளி திறந்த கையோடு ஓர் ஓவியப் போட்டியையும் ஓர் உறுதிமொழியையும் நடத்தி முடித்துவிடுகிறார்கள். பரிசு பெறும் ஓவியத்தில் சிங்கமும் ஒட்டகச்சிவிங்கியும் நிற்கின்றன. குமரி மாவட்டத்துக்கென ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் இக்கொண்டாட்டத்தை மீண்டும் ஒருமுறை, வகுப்பறைக்கு வெளியே நடத்த வேண்டும் என்பதே என் கோரிக்கை.

பங்குனி ஆமைகள் எனப்படும் சிறிய கடலாமைகள் (ஆலிவ் ரிட்லி) தமிழகக் கரையில் முட்டையிட ஏறுவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான். மணல் எஞ்சியிருக்கும் இடங்களில் இரவில் கரையேறும் பெண் ஆமை, குழி தோண்டி ஏறத்தாழ நூறு முட்டைகளை இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். நாய்களும் மனிதர்களும் எடுத்துவிடாதபடி வனத்துறையினர் அவற்றைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் புதைத்து வைக்க, 45 முதல் 60 நாட்களுக்குள் குஞ்சுகள் வெளிவருகின்றன. அவை ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பமே தீர்மானிக்கிறது என்பதைப் பொரிப்பகத்தின் அருகில் நின்று கேட்கும் பிள்ளைக்குப் புவி வெப்பமாதலைத் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

மணல் எஞ்சியிருக்கும் இடங்கள் என்று குறிப்பிட்டதற்குக் காரணம் உண்டு. கடலரிப்பைத் தடுக்கக் கல் கொட்டப்பட்ட கரையில் ஆமையால் ஏற முடியாது. வீட்டைக் கடலுக்குப் பறிகொடுக்கும் மக்கள் தடுப்புச் சுவரும், அலையின் வேகத்தைக் குறைக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டும் கல் அணையான தூண்டில் வளைவும் கேட்பதைத் தவறென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் எஞ்சிய மணற்பரப்பையாவது கணக்கெடுத்துக் காப்பது அரசின் கடமை. அடுத்த இடர், விசைப்படகுகள் கடலில் இழுத்துச் செல்லும் இழுவலை. ஆமை நுரையீரலால் சுவாசிப்பது. வலைக்குள் நெடுநேரம் சிக்கினால் மூச்சுமுட்டி இறந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையை ஒட்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் இறந்து ஒதுங்கின. நம் மாவட்டத்தில் மீன்பிடித் தடைக்காலம் கிழக்குக் கடற்பகுதியில் ஏப்ரல் 15-லும் மேற்கில் ஜூன் 1-லும்தான் தொடங்குகிறது. அதற்குள் ஆமைகள் முட்டையிடும் காலம் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. எனவே ஆமை தப்பிச் செல்லும் வழியுள்ள வலைகளை விசைப்படகுகள் பயன்படுத்துவதையும், கரையோரக் கடலுக்குள் அவை வராதிருப்பதையும் அந்த மூன்று மாதங்களில் உறுதியாகக் கண்காணிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் மிக உயர்ந்த பாதுகாப்புத் தரும் முதல் அட்டவணையில் ஆமை இருப்பதால் மட்டும் வலை விலகிவிடாது.

அதே மாதங்களில் சுசீந்திரம், தேரூர் குளங்களில் கூழைக்கடாவையும் மஞ்சள் மூக்கு நாரையையும், வடக்கிலிருந்து வந்து தங்கும் பறவைகளையும் காணலாம். 2022-இல் ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக அறிவிக்கப்பட்ட இக்குளங்கள் நாகர்கோவிலிலிருந்து சிறிது தொலைவில்தான் இருக்கின்றன. அக்டோபர் 7 வரையாடு தினம். அசம்பு மலையின் பாறைச் சரிவுகளில் வாழும் வரையாட்டை மாணவர்கள் ஏறிப் பார்க்க இயலாது என்பதால், அதற்கு மட்டும் அக்டோபர் மாதத்து வகுப்பறை போதும்.

கரைக்கு அழைத்துச் செல்வதிலும் கட்டுப்பாடு தேவை. குஞ்சுகள் ஒளியை நோக்கி நகர்பவை; கைப்பேசி வெளிச்சம் அவற்றைத் திசைமாற்றிவிடும். கையில் எடுத்துப் படம் பிடிக்கவும் கூடாது. எனவே ஒரு நேரத்தில் ஒரு வகுப்பு மட்டும், வனத்துறையினர் முன்னிலையில் செல்லட்டும். கரையில் நின்றபடி இழுக்கும் கரைமடி வலையை இழுத்த அனுபவமுள்ள மீனவப் பெரியவர் ஒருவர் அன்று பிள்ளைகளுக்குக் கடலைப் பற்றிப் பேசினால், சிறப்பு விருந்தினரின் மேடையுரையைவிட அதிகம் கற்றுக்கொள்வார்கள்.

பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளை விட்டுவிட்டு, ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு இதை வரும் ஜனவரியிலேயே தொடங்க முதன்மைக் கல்வி அலுவலரும் மாவட்ட வன அலுவலரும் இணைந்து திட்டமிட வேண்டுகிறேன். பேச்சிப்பாறை, கடையாலுமூடு போன்ற மலையோர ஊர்களின் பிள்ளைகளுக்கு அரசே பேருந்து வசதி செய்து தர வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்,
இராஜாக்கமங்கலம்.