ஆண்டறிக்கை: கிராமிய மிகுபுனைவுக்கு ஒரு வரையறை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் இலக்கிய வட்டத்தின் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நம் உறுப்பினர்கள் எழுதிய முனி, பேய், காவல்தெய்வக் கதைகளைத் தொகுப்பாகக் கொண்டுவருவதென்று சென்ற பொதுக்குழு முடிவு செய்தபோது, ‘கிராமிய மிகுபுனைவு’ (மிகுபுனைவு என்றால் ஃபேன்டஸி) என்ற சொல்லுக்கு முதலில் ஒரு வரையறை வேண்டும் என்று கேட்டது. மாதக் கூட்டங்களில் பெரும்பாலானவை அதற்கே போயின. வேறு எதற்கும் அந்த நேரத்தைச் செலவிட்டிருக்கலாம் என்று நான் கருதவில்லை.

கிராமத்தில் நடக்கும் அமானுஷ்யக் கதை என்பதே முதலில் முன்வைக்கப்பட்ட வரையறை. அது நிற்கவில்லை. பட்டணத்து மாடிவீட்டுப் பேயை ஓலைக்குடிசைக்குக் குடிமாற்றினாலும் அதற்குள் அடங்கிவிடும். வேறுபாட்டைத் தெளிவாக்கியது புதுமைப்பித்தன் 1943இல் எழுதிய ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’. சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் இடத்தில் எதிர்ப்படும் கடவுள் அங்கே முன்பின் தெரியாத ஆள். அவரிடமே பத்திரிகைக்குச் சந்தா கேட்க முடிகிறது. ஊரில் தெய்வம் அப்படி அந்நியராக வருவதில்லை. எந்த வீட்டின் நேர்த்திக்கடன் எத்தனை வருஷமாக நிற்கிறது என்பது அதற்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) நாவலில், துரத்தப்பட்டு வந்த கூட்டத்தை அக்கரை சேர்க்க ஆற்றோர மரம் வளைந்து கொடுத்ததும், அவர்கள் குடிபெயர்ந்து வந்த வரலாற்றோடு வரலாறாகவே சொல்லப்படுகிறது.

உறுப்பினர் ஒருவர் வாசித்த கதையை இங்கே குறிப்பிட வேண்டும். பொழுது சாய்ந்தபின் வயலுக்குக் கறிக்குழம்பு கொண்டுபோகும் பெண், வழக்கம்போலத் தூக்குவாளியின் மூடிமேல் ஓர் அடுப்புக்கரித் துண்டை வைத்துக்கொள்கிறாள். கண்மாய்க் கரையில் கால் இடறிக் கரி விழுந்துவிடுகிறது. இருட்டில் அவள் கை மண்ணைத் துழாவுவதோடு கதை முடிகிறது. பேய் என்ற சொல்லே அதில் இல்லை. கறிவாசனைக்குப் பேய் அண்டாதிருக்கத்தான் அந்தக் கரி என்று ஆசிரியர் விளக்கவும் இல்லை. அன்று கூட்டத்தில் எவரும் கேட்கவுமில்லை. ஊர் தன் அன்றாட வேலைக்காக வைத்திருக்கும் விதியே இக்கதைகளின் மாய விதியும் ஆகிறது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

கடும் விவாதம் இரண்டு எழுந்தன. குலதெய்வத்துக்குச் சாமியாடும் குடும்பத்தைச் சேர்ந்த மூத்த உறுப்பினர், தாம் நம்புவதைப் புனைவு என்பது முறையா என்று கேட்டார். அச்சொல் எழுதுகிறவரின் செயலைக் குறிப்பதே தவிர வழிபடுகிறவரின் நம்பிக்கையை அளப்பதன்று என்ற விளக்கத்தை அவர் ஏற்றுக்கொண்டார். மற்றது இன்னும் முக்கியமானது. சாமி எந்தத் தெருவரை வரும், யார் கையால் படையல் ஏற்கும், யாருடைய சுடுகாடு எங்கே இருக்கிறது என்பவற்றை நம் கதைகள் பேசுவதேயில்லை என்று இளம் உறுப்பினர் ஒருவர் குற்றம் சாட்டினார். அது சரியான குற்றச்சாட்டு. சாதியை விட்டுவிட்டு வேப்பமரத்தையும் குதிரைச் சிலைகளையும் மட்டும் எழுதினால், அது ஊரைப் பார்க்க வந்தவர் எழுதியதாகவே இருக்கும்.

இவற்றைச் சேர்த்து எழுதப்பட்ட வரையறை இது: ‘நிலம், நீர், தொழில், சாதி, வழிபாடு ஆகியவற்றால் ஆன ஓர் ஊரின் ஒழுங்கிலிருந்தே அமானுஷ்யம் பிறந்து, அந்த ஊருக்கு முன்பே பழக்கமானதாக இருந்து, வேறோர் இடத்துக்கு மாற்றினால் கதையே குலைந்துபோகும் புனைவு.’ ‘முன்பே பழக்கமானதாக’ என்ற தொடரை நீக்க வேண்டும் என்று சிலர் இன்னும் சொல்கிறார்கள். புதிதாக ஒன்று ஊருக்குள் வரும் கதைகளுக்கு அது இடந்தராது என்பது அவர்கள் வாதம். என் கருத்து, அது இருக்க வேண்டும் என்பதே.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தொகுப்புக்கு வந்த கதைகள் இவ்வரையறையின்படி மறுபடி படிக்கப்பட்டு வருகின்றன. தெருவும் சுடுகாடும் விடுபட்ட கதைகள், என்னுடையது உட்பட, திருத்தி எழுத ஆசிரியர்களிடமே திருப்பித் தரப்பட்டுள்ளன.

இங்ஙனம்,
செயலாளர்