மூன்று சுழியை மறைக்காத சாய்வெழுத்துரு வேண்டும்

மொரிசியஸ் தமிழ்ச் சங்கங்களின் விளையாட்டுக் குழுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். ரோஸ் ஹில் பகுதியில் தமிழ் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் வேண்டுகோள் இது.

சென்ற ஓட்டப்போட்டியில் எங்கள் மாணவர் அணிக்கு ‘விண்மீன்கள்’ என்று பெயரிட்டிருந்தோம். பந்தயக் கார்களிலும் கணினி விளையாட்டுகளிலும் காண்பதுபோல், தடித்து, மூலைகள் வெட்டப்பட்டு, வலப்பக்கம் சாய்ந்து பாயும் எழுத்தில் அப்பெயர் சட்டையில் வர வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள். நியாயமான ஆசைதான். ஆனால் வந்த சட்டையில் மூன்று சுழி ணகரம் மையால் அடைபட்டு, இரண்டு சுழி னகரம்போலவே தெரிந்தது. ஒரு சிறுமி ‘வின்மீன்கள்’ என்று வாசித்தாள். அவள்மீது தவறில்லை. வீட்டில் இந்நாட்டுப் பேச்சுமொழியான கிரியோலைப் பேசி, வகுப்பில் மட்டும் தமிழைச் சந்திக்கும் பிள்ளை, பழகிய சொல்லை ஊகித்து வாசிப்பதில்லை. எழுத்துக் கூட்டியே வாசிக்கிறது. தமிழ்நாட்டில் கண் தானாகத் திருத்திக்கொள்ளும் பிழை, இங்கே பாடமாக மனத்தில் தங்கிவிடுகிறது.

வளைந்த தமிழ் எழுத்தைக் கணினியில் தடிப்பாக்கி அப்படியே சாய்ப்பதுதான் இதற்குக் காரணம். அப்படிச் சாய்க்கும்போது வட்டம் முட்டைபோல் இழுபடுகிறது. கோடு ஓரிடத்தில் பருத்து, வேறோரிடத்தில் மெலிகிறது. சுழிக்குள் இருக்கும் சிறு வெளி முதலில் மறைகிறது. உரோமன் சாய்வெழுத்தும் (italic) இவ்வாறு பிறந்ததன்று. 1500ஆம் ஆண்டையொட்டி வெனிஸில் ஆல்தோ மனூசியோவின் அச்சகத்துக்காக, அச்செழுத்து வெட்டும் கலைஞரான பிரான்செஸ்கோ கிரிஃபோ அதை வெட்டியபோது, கையெழுத்தைப் பார்த்துப் புதிதாகவே வடித்தார்.

கோண வடிவம் தமிழுக்கு அயலானது என்போரும் நம்மிடையே உண்டு. மதுரைக்கு அருகே மாங்குளத்துப் பாறையில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வெட்டப்பட்ட தமிழி (தமிழ்-பிராமி) எனும் பழைய எழுத்துகளைப் பார்த்தால் அவர்கள் அவ்வாறு சொல்லமாட்டார்கள். அவை பெரும்பாலும் நேர்கோடுகளே. இன்றும் ட, ப, ம ஆகியவற்றில் கோணம் தெளிவாகத் தெரிகிறது. ண, ஞ, ஐ ஆகியவற்றுக்குத்தான் தேர்ந்த வரைகலைஞரின் கை தேவை.

நம் மொரிசியஸ் ரூபாய்த் தாளில் ஆங்கிலத்துக்கு அடுத்து நிற்பது தமிழ். 1998இல் அந்த வரிசை மாறியபோது, புதிய தாள்கள் திரும்பப் பெறப்படும்வரை நம் சமூகம் ஓயவில்லை. எழுத்தின் இடத்துக்காக அத்தனை உறுதியோடு நின்ற நாம், அதன் உருவத்துக்காகச் சிறிது பணம் செலவிடத் தயங்கக் கூடாது. சங்கங்கள் கூடிப் பங்களித்து, தமிழுக்கென்றே வரையப்பட்ட தடித்த சாய்கோண எழுத்துரு ஒன்றைச் செய்விக்க வேண்டுகிறேன். அதுவரை, அச்சுக்குக் கொடுக்குமுன் ‘மணம்’, ‘மனம்’ என்ற இரு சொற்களையும் சட்டையில் வரும் அளவிலேயே எடுத்து, பத்தடி தள்ளி நின்று வாசித்துப் பாருங்கள். மாதிரியை எங்களுக்கு அனுப்பினாலும், நானும் என் மாணவர்களும் வாசித்துச் சொல்லக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியர்,
ரோஸ் ஹில்