இறுகிப்போன டை ராடு எண்டு பற்றி நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். தண்டையார்பேட்டையில் இருக்கும் நம் வீல் அலைன்மென்ட் கடை உங்களுக்குப் புதிதல்ல. எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஸ்டீயரிங்கின் திருப்பத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பிதான் டை ராடு; அதன் முனையில் இருப்பது டை ராடு எண்டு. "நன்றாக இருந்த டை ராடு எண்டை இவர்களே உடைத்துவிட்டுப் புதிது மாட்டிக் காசு வாங்குகிறார்கள்" என்று, இங்கே வந்த ஒரு வண்டியைச் சொல்லி ஒரு செய்தி சில வாரங்களாக வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. உங்களில் சிலரே அதை என்னிடம் காட்டினீர்கள். விலை அதிகம் என்று எழுதியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். உடைத்து விற்கிறோம் என்ற சொல்லைத்தான் தாங்க முடியவில்லை.

உங்களிடம் இருக்கும் பெரும்பாலான சிறிய கார்களில், அலைன்மென்ட் என்று நாங்கள் திருத்துவது முக்கியமாக முன்சக்கரங்களின் டோ அளவை. இரு சக்கரங்களும் முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ எவ்வளவு திரும்பி நிற்கின்றன என்பதே அது. டை ராடு எண்டின் லாக் நட்டைத் தளர்த்தி, ராடைத் திருப்பினால் அளவு மாறும். நட்டு தளர்ந்து ராடு சுழன்றால் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். ராடும் எண்டும் திருகிச் சேரும் மரையில் துரு ஏறிப் பிடித்துக்கொண்டால், அளவு காட்டும் கணினி என்ன காட்டினாலும் பயனில்லை.

நம் பக்கத்து வண்டிகளில் இது ஏன் அதிகம் என்பது உங்களுக்கே தெரியும். கடற்காற்று ஒரு பக்கம். காசிமேட்டிலிருந்து கிளம்பும் மீன் வண்டிகள் வழியெல்லாம் ஒழுகவிடும் உப்புத் தண்ணீர் இன்னொரு பக்கம். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஓடும் வண்டியின் அடிப்பாகத்தில் சேறும் தூசும் அப்பிக்கொள்கின்றன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது மணலியிலும் எர்ணாவூரிலும் எத்தனை கார்கள் எண்ணெய் கலந்த தண்ணீரில் நின்றன! அப்படி நின்ற வண்டி மேலுக்குப் பளபளப்பாக இருக்கலாம். மரைக்குள் புகுந்த ஈரம் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும்.

மரை இறுகியிருந்தால் முதலில் கம்பி பிரஷ்ஷால் துருவைத் தேய்த்துவிட்டுத் துரு இளக்கும் எண்ணெயை அடித்து ஊறவிடுகிறோம். எண்டை ஒரு ஸ்பானரால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் நட்டைத் தளர்த்துகிறோம். ராடைத் திருப்பும் முன் ராக்கின், அதாவது ஸ்டீயரிங் திரும்பும்போது ராடுகளை இரு பக்கமும் நகர்த்தும் பல்சட்டத்தின், ரப்பர் உறையில் உள்ள கிளிப்பைக் கழற்றிவிடுவோம். இல்லையென்றால் ரப்பரும் சேர்ந்து முறுக்கிக் கிழியும், தண்ணீர் உள்ளே போகும். பைப் ரிஞ்சைப் போட்டு முழு பலத்தையும் காட்ட எங்கள் பையன்களுக்கு அனுமதி இல்லை. அந்த முறுக்கு ராக் வரை போனால் உங்களுக்குச் செலவு பல மடங்காகிவிடும்.

எண்ணெய்க்கும் மசியவில்லை என்றால் மிஞ்சுவது நெருப்புதான். நட்டைச் சூடாக்கினால் அது விரிந்து பிடி விடும். ஆனால் அந்தச் சூட்டில் எண்டின் ரப்பர் மூடியும் உள்ளே இருக்கும் கிரீஸும் கெட்டுவிடும். சூடு காட்டிய எண்டைத் திரும்ப மாட்டி உங்களைச் சாலைக்கு அனுப்ப என் மனம் ஒப்பாது; அது ஸ்டீயரிங்கையும் சக்கரத்தையும் இணைக்கும் உறுப்பு. அதனால்தான் பர்னரைப் பற்றவைக்கும் முன் உங்களுக்குத் தொலைபேசியில் சொல்கிறோம். குழுக்களில் பேசப்படும் அந்த வண்டிக்கும் அப்படித்தான் கேட்டோம். உரிமையாளர் சரி என்று சொன்ன பிறகே கைவைத்தோம், பழைய எண்டையும் அவர் கையிலேயே கொடுத்தோம். அதன் மரையைப் பார்த்த எவரும் அதை நல்ல எண்டு என்று சொல்ல மாட்டார்கள்.

சுலபமான வழி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஒரு பக்கம் இறுகியிருந்தால் அதைத் தொடாமல், ஸ்டீயரிங்கைச் சற்றே சாய்த்துப் பூட்டிவிட்டு, மறுபக்கத்தை மட்டும் திருப்பினால் கணினித் திரையில் எல்லாம் சரி என்று பச்சையாக வந்துவிடும். பத்து நிமிட வேலை. வீட்டுக்குப் போகும் வழியில், வண்டி நேராக ஓடும்போது ஸ்டீயரிங் கோணலாக நிற்பதைப் பார்ப்பீர்கள். அந்த வேலையை நாங்கள் செய்வதில்லை.

லாபக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். இறுகிய எண்டோடு ஒரு வண்டி மேடையில் நின்றுவிட்டால், பின்னால் காத்திருக்கும் வண்டிகள் வேறு கடைக்குப் போய்விடுகின்றன. ஒரு எண்டில் கிடைக்கும் சொற்ப லாபம் அந்த இழப்புக்கு ஈடாகாது. உடைத்துப் பிழைக்க நினைப்பவன் தேர்ந்தெடுக்கும் தொழில் இதுவல்ல.

இந்தப் பேச்சுகளுக்கு நடுவிலும் வண்டியை எங்களிடமே விட்டுச் சென்றவர்களுக்கு எப்படி நன்றி சொல்வது? ராயபுரத்து டாக்சி ஓட்டுநர்கள் தங்கள் சங்கத்தில் எங்களுக்காகப் பேசியிருக்கிறார்கள். திருவொற்றியூரிலிருந்து அப்பா கொண்டுவந்த காரை இன்று மகன் ஓட்டிவருகிறார். வெள்ளத்தில் எங்கள் கடைக்குள் தண்ணீர் புகுந்தபோது இயந்திரத்தைத் தூக்கி மேலே வைக்க வந்தவர்கள் நீங்கள்தான். அந்த நன்றி எங்கள் எல்லோர் மனதிலும் இருக்கிறது.

இனி வண்டியை மேடையில் ஏற்றியதும், அளவு எடுப்பதற்கு முன்பே, இரு பக்க நட்டுகளையும் உங்கள் கண்ணெதிரில் சோதித்துக் காட்டுவோம். விருப்பமிருந்தால் கீழே வந்து பாருங்கள். எண்டு மாற்றினால் மறுபடி எடுக்கும் அளவுக்குத் தனிக் காசு கிடையாது. புதிய மரையில், துரு பிடிக்காமல் இருக்கக் கிரீஸ் தடவியே மாட்டுகிறோம். இறுகிய மரையை இளக்குவதற்கு மட்டும் அடுத்த மாதம் முதல் ஒரு பக்கத்துக்கு 350 ரூபாய் கூலி. அப்படிப்பட்ட வண்டி ஓர் இரவு இங்கே ஊற வேண்டியிருக்கும்.

கடலோரம் நிறுத்தும் வண்டி என்றாலோ, வெள்ளத்தில் நின்ற வண்டி என்றாலோ வரும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மாலையில் கொண்டுவந்து விட்டால் மறுநாள் காலை முதல் வேலையாக எடுத்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
உரிமையாளர்
தண்டையார்பேட்டை, சென்னை