நகையை ஏன் முதலில் மீட்டேன்

அன்பு மாப்ளே,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. போனில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பேச ஆரம்பித்தால் நீ கத்துவாய், நான் கத்துவேன், பக்கத்தில் இருந்துகொண்டு உன் தங்கச்சி நம் ரெண்டு பேரையும் திட்டுவாள். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். பாதியில் குறுக்கே விழாமல் முழுசாகப் படி.

நீ கேட்டது ஒரே கேள்வி. சீட்டுப் பணம் 4,40,000 கைக்கு வந்ததும், 15 சதவீத வட்டியில் ஓடும் தனிநபர் கடனை அடைக்காமல் 10 சதவீத நகைக்கடனைப் போய் அடைத்தாயே, ஐ.டி.ஐ.யில் கணக்கில் முதல் மார்க் வாங்கியவனுக்கு மூளை எங்கே போச்சு என்று. நியாயமான கேள்விதான். வட்டியை மட்டும் பார்த்தால் நீ சொல்வது சரி. ஆனால் மற்ற நிலவரத்தைச் சொன்னால்தான் என் கணக்கு உனக்குப் புரியும்.

முதலில் உடம்பு. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், ரத்தத்தில் 1.9 வந்திருக்கிறது, அது கூடுதல். சிறுநீரில் புரதம் போகிறது. பத்து வருஷ ரத்தக் கொதிப்பு சிறுநீரகத்தில் கை வைத்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். ஐந்து படிகளில் நான் மூன்றாவதில் இருக்கிறேனாம். போன சிறுநீரகம் திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார். பிரஷர் 130-க்கு 80-க்குக் கீழே இருக்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும், வலி மாத்திரையைத் தொடக்கூடாது. தோள்பட்டை வலிக்கு என் டூல் பாக்ஸில் எப்போதும் ஒரு அட்டை கிடக்குமே, அதை எடுத்து அவர் முன்னாலேயே குப்பைத் தொட்டியில் போட்டேன். நாளைக்கே டயாலிசிஸ் என்ற பயம் இல்லை. ஒழுங்காக இருந்தால் பல வருஷம் இப்படியே ஓட்டலாம் என்கிறார். ஆனால் மாதம் 2,800 ரூபாய் மாத்திரைக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. இது இனி நிற்காத செலவு. தொழிலாளிக்கான அரசு மருத்துவக் காப்பீடு, இ.எஸ்.ஐ., எனக்குக் கிடையாது. சம்பளம் 21,000 தாண்டியவனுக்கு அந்தக் கதவு எப்போதோ மூடப்பட்டுவிட்டது.

அடுத்தது கம்பெனி. நான் இருபத்தொன்பது வருஷமாகத் தீட்டுவது கேம் ஷாஃப்ட், பெட்ரோல் இன்ஜினில் வால்வைத் திறந்து மூடும் தண்டு. மின்சார ஸ்கூட்டருக்கு கேம் ஷாஃப்ட் கிடையாது, அவ்வளவுதான் விஷயம். ஏத்தர் எங்கள் ஓசூரிலேயே வண்டி செய்கிறது, ஓலா போச்சம்பள்ளியில். பெட்ரோல் வண்டி நாளைக்கே நின்றுவிடாது என்று எனக்கும் தெரியும், ஆனால் புது மிஷின் வாங்கிப் போட முதலாளிக்கு மனசு வராது. மூன்று லைன் இருந்தது, ஒன்று ஏற்கெனவே நின்றுவிட்டது. ரெண்டாவதை வேறு மாநிலத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று பேச்சு. ஊரில் வேலையே இல்லை என்று நினைக்காதே. செல்போன் பாகம் செய்யும் ஆலைக்குப் பெண் பிள்ளைகளை பஸ் பஸ்ஸாக அழைத்துப் போகிறார்கள். இருபது வயசுக் கைக்கு வேலை இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயசுக்குத்தான் இல்லை.

நோட்டீஸ் போர்டில் இன்னும் ஒன்றும் ஒட்டவில்லை. ஆனால் வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வுத் திட்டம், வரும் என்று சங்கத்தில் சொல்கிறார்கள். இதில் உள்ள சூட்சுமத்தைக் கேள். ஆள்குறைப்பு என்றால் கடைசியாகச் சேர்ந்தவன் முதலில் போக வேண்டும் என்பது சட்டம். சம்பளம் கூடின பழைய ஆள்தான் போக வேண்டும் என்பது கம்பெனியின் ஆசை. சட்டத்துக்கும் ஆசைக்கும் நடுவில் போட்ட பாலம்தான் வி.ஆர்.எஸ். நாமே விரும்பிப் போகிறோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டால் சீனியாரிட்டிப் பேச்சே வராது. முன்பு 100 பேர் இருந்தாலே ஆள்குறைப்புக்கு அரசு அனுமதி வேண்டும். புதுத் தொழிலாளர் தொகுப்புச் சட்டத்தில் அது 300 ஆகிவிட்டது. எங்கள் பிளாண்டில் நிரந்தரத் தொழிலாளி 240 பேர். மீதியை நீயே நினைத்துக்கொள்.

சட்டம் பழையதோ புதியதோ, ஆள்குறைப்புக்கு வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்பது மட்டும் மாறவில்லை. வி.ஆர்.எஸ். என்றால் அதைவிடக் கூடுதலாகத் தருவார்கள். கிராஜுவிட்டி என்கிற பணிக்கொடை எப்படியும் உண்டு. பேசிக்கும் டி.ஏ.வும் சேர்த்து 26,000, அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி 29 வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் 4,35,000 வருகிறது. இரவு தூக்கம் வராதபோது இந்தக் கணக்கைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

சரி, இப்போது கடனுக்கு வருகிறேன். கிரெடிட் கார்டில் 84,000 நின்றது. அம்மா இடுப்பெலும்பு ஆபரேஷனுக்கு இழுத்தது. அதை முதலில் அடைத்ததை நீயும் குறை சொல்லவில்லை. மாதம் மூன்றரை சதவீத வட்டி. குறைந்தபட்சத் தொகை என்று 4,200 கட்டச் சொல்வான். அதில் 2,940 வட்டி, அந்த வட்டிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று 529, ஆக அசலில் கழிவது 731 ரூபாய். வட்டிக்கு வரி போடுவதை யார் கண்டுபிடித்தார்களோ, அந்த மகராசன் நன்றாக இருக்கட்டும். மொத்தமாக அடைத்து, கார்டை மூடி, பாக்கி இல்லை என்ற கடிதத்தையும் வாங்கி வைத்துவிட்டேன். பேசி முடித்துப் பாதிப் பணத்தோடு விட்டுவிடுகிறோம் என்று வருவார்கள், அதற்கு ஒத்துக்கொண்டால் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபிலில் ‘செட்டில்டு’ என்று பதிவாகும். பார்ப்பவனுக்கு அது முழுசாகக் கட்டாதவன் என்றுதான் அர்த்தம்.

மீதி இருந்த பணத்துக்குத்தான் போட்டி. ஒரு பக்கம் தனிநபர் கடன், பாக்கி 3,60,000, மாதத் தவணை 12,480, இன்னும் மூன்று வருஷம். இன்னொரு பக்கம் பதினொரு பவுன் நகை மேல் 3,20,000, ஒன்பது மாத வட்டி 24,000.

நான் யோசித்தது இவ்வளவுதான். தனிநபர் கடனை அடைத்தால் அந்தப் பணம் போனது போனதுதான். நாளைக்கு வேலை இல்லாமல், கையில் ஆஸ்பத்திரி ஃபைலோடு அதே வங்கிக்குப் போய் ஒரு லட்சம் கொடு என்றால், முதலில் சம்பளச் சீட்டைக் கேட்பான். நகை அப்படியில்லை. பீரோவில் இருந்தால், காலையில் எடுத்துப்போய் மத்தியானத்துக்குள் பணத்தோடு வரலாம். உனக்கு வேலை இருக்கிறதா, கிரியாட்டினின் எவ்வளவு என்று நகையை மதிப்பிடும் எந்த அப்ரைசரும் கேட்பதில்லை. உரசிப் பார்ப்பான், எடை போடுவான், பணம் தருவான். என் மாதிரி ஆளுக்கு இனிமேல் யாரும் புதுசாகக் கடன் தரப் போவதில்லை. நகை ஒன்றுதான் எனக்காக ஜாமீன் நிற்கும்.

நகை வங்கியிலேயே இருந்தாலும், விலை ஏறியிருக்கிறதே, மறு அடகு வைத்துக் கூடுதல் பணம் வாங்கலாமே என்று நீ கேட்பாய். வாங்கலாம். ஆனால் அது வருஷக் கெடு. நான் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது கெடு முடிந்தால் ஏல நோட்டீஸ் வரும். தனிநபர் கடனில் ரெண்டு தவணை தவறினால் என்ன ஆகும்? போன் வரும், ஆள் வரும், சிபில் இறங்கும். அசிங்கம்தான். ஆனால் ஏலம் போட என்னிடமிருந்து அவன் எதையும் எழுதி வாங்கவில்லை. வசூல் ஆள் காலை எட்டு மணிக்கு முன்னும் ராத்திரி ஏழு மணிக்குப் பின்னும் கூப்பிடக்கூடாது என்று ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. முன்கூட்டியே போய் நிலவரத்தைச் சொன்னால் தவணையை நீட்டிக் கேட்கவும் வழி உண்டு. தங்கத்தின் மேல் கொடுத்தவனுக்கு அப்படிப் பேசவேண்டிய அவசியம் கிடையாது. இதுபோக, தனிநபர் கடனை முன்னாலேயே அடைத்தால் 4 சதவீதம் அபராதம், அதற்கும் ஜி.எஸ்.டி., கிட்டத்தட்ட 17,000.

வட்டியில் 5 சதவீத நஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. வருஷத்துக்குப் பதினாறாயிரம், பதினேழாயிரம். நெருக்கடியில் கைக்கு எட்டும் பணத்துக்கு நான் கொடுக்கும் கூலி என்று எழுதிவிட்டேன். கையில் பத்து லட்சம் வைத்திருப்பவனாக இருந்தால் நீ சொன்னதுபோலத்தான் செய்திருப்பேன்.

நகையை மீட்கப் போன அன்று உன் தங்கச்சியும் வந்தாள். சீல் வைத்த கவரை வெட்டி, துணிப்பையை மேஜையில் கொட்டினார்கள். அவள் ஒவ்வொன்றாக எடுத்து, ஒரு வளையலின் உள்பக்கத்தில் இருக்கும் நெளிவை விரலால் தடவிப் பார்த்தாள். பெரியவள் குழந்தையாக இருந்தபோது கடித்து விளையாடியதில் விழுந்த நெளிவு. எடைச் சீட்டைப் பார்க்கவே இல்லை. அந்த நெளிவு இருந்தால் நகை நம்முடையது என்று கையெழுத்துப் போட்டுவிட்டாள். அப்ரைசர் சிரித்துவிட்டார்.

அவளுக்கென்று ஒரு கடன் திட்டம் இருக்கிறது, தெரியுமா? மைத்ர முகூர்த்தம். காலண்டரில் தேதியும் நேரமும் பார்த்து, அந்த நேரத்தில் கடனில் கொஞ்சம் அடைத்தால் மொத்தமும் சீக்கிரம் அடையுமாம். ராத்திரி பதினொன்றரை மணிக்கு எழுந்து உட்கார்ந்து, தூங்குகிறவனை உலுக்கி, போன்பேயில் நூறு ரூபாய் கார்டுக்குப் போடச் சொன்னாள். போட்டேன். நான் நம்புகிறேனா என்று கேட்காதே. 731 ரூபாய் கழிகிற கடனில் இன்னொரு நூறு கழிந்தால் கணக்குப்படியும் நல்லதுதானே.

இப்போது எனக்குள்ள பெரிய கவலை கடன் இல்லை, இன்சூரன்ஸ். கம்பெனியின் குரூப் பாலிசி வேலையோடு போய்விடும். புதுசாகத் தனி பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று வருஷம் வரைக்கும் காத்திருக்க வைக்கலாம். ஆனால் அதே இன்சூரன்ஸ் கம்பெனியின் தனி பாலிசிக்கு மாறினால், குரூப்பில் இருந்த வருஷங்களைக் கணக்கில் எடுப்பார்கள். பிரீமியம் தீட்டத்தான் செய்வார்கள். மாற்றல் விண்ணப்பம் போகாமல் எந்த வி.ஆர்.எஸ். தாளிலும் கையெழுத்துப் போடுவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். தனிநபர் கடனோடு தலையில் கட்டின இன்சூரன்ஸ் ஒன்று உண்டு. வேலை போனால் மூன்று தவணை அவர்கள் கட்டுவார்களாம். எடுத்துப் பொடி எழுத்தைப் படித்தேன். தானாக விலகினால் கிடையாது என்று இருக்கிறது. வி.ஆர்.எஸ். என்றால் தானாக விலகியதுதானே! ஆக, துரத்தினால் பணம் உண்டு, மரியாதையாக அனுப்பினால் இல்லை.

முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். இன்றைக்கு நான் பணக்காரன், தரமாட்டார்கள். வேலை போனால் வருமானச் சான்றுக்கு வி.ஏ.ஓ.விடம் போய் நிற்கலாம். டயாலிசிஸும் அதில் அடக்கம். பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிற மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் தொடங்கியதே எங்கள் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கும் திமிரில் இதையெல்லாம் நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. போன மாதம் அந்த மாத்திரை கொடுக்கும் பெண் பக்கத்து வீட்டுக்கு வந்தபோது நிறுத்திக் கேட்டேன். என் மாத்திரைகளில் ரெண்டு அவர்களிடமும் இருக்கிறது. அப்புறம் குறைந்த விலைக்கு மருந்து விற்கும் முதல்வர் மருந்தகத்தில் விலை கேட்டுப் பார்க்க வேண்டும். 2,800 கொஞ்சம் இறங்கும்.

உன் நாற்பதாயிரத்துக்கு வருகிறேன். ‘என் பணத்தைக் கணக்கிலேயே சேர்க்காதே’ என்று எழுதியிருந்தாய். சேர்த்திருக்கிறேன். வட்டியில்லாத கைமாத்து, கணக்குப்படி கடைசியில்தான் வர வேண்டும், அங்கேயேதான் வைத்திருக்கிறேன். ஆனால் கார்டுக்குக் கட்டிக்கொண்டிருந்த 4,200 இப்போது மிச்சம். அதில் 2,000 மாதா மாதம் உன் கணக்குக்கு வரும். திருப்பி அனுப்பாதே. போன முறை அனுப்பினாயே, அதில் எனக்குக் கோபம்தான் வந்தது. எனக்கு வேலை போய்விட்டால் நானே நிறுத்திவிட்டு உனக்குச் சொல்கிறேன். அப்போது நீ பெருந்தன்மையைக் காட்டிக்கொள்.

உன் மோட்டார் ரீவைண்டிங் கடையில் உட்கார ஆள் கிடைக்கவில்லை என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். நேரடியாகக் கூப்பிடக் கூச்சப்பட்டு அப்படிச் சுற்றி எழுதினாய் என்று உன் தங்கச்சி சொல்கிறாள். சின்னவள் நர்சிங் முடிக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, அதுவரை ஓசூரை விட முடியாது. அதற்கப்புறம் கோவில்பட்டி வெயிலைத் தாங்குவேனா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். இல்லை என்று சொல்லிவிடவில்லை.

சங்கத்தின் பேச்சுவார்த்தை அடுத்த மாதம். என்ன ஆனாலும் எழுதுகிறேன். உன் வீட்டுக்காரியிடம் சொல், கருவாடும் ஊறுகாயும் இந்த முறை கட்டி அனுப்ப வேண்டாம். கடலை மிட்டாய் பிள்ளைகளுக்கு அனுப்பு. எனக்கு ஒன்று அனுமதி உண்டு.

உன்,
நெட்டையன்