ஹோம் ஸ்கிரீனை மாற்றுவது வெட்டி வேலையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுப் புது ஆப்களை இறக்கிப் பார்ப்பதும், போனைத் திறந்ததும் ஐகான்களோடு வரும் முதல் திரையான ஹோம் ஸ்கிரீனை விதவிதமாக மாற்றி வைப்பதும் இளைஞர்கள் பொழுதைக் கொல்லும் வேலை என்று ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை போட்டிருந்தீர்கள். நான் கும்பகோணத்தில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், நாள் முழுக்க அடுத்தவர்கள் ஹோம் ஸ்கிரீனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன்: மாற்றுகிறவர்களை விட்டுவிடுங்கள், மாற்றவே தெரியாமல் இருக்கிறவர்களைப் பற்றி எழுதுங்கள்.

ஒன்பதாயிரம், பத்தாயிரம் ரூபாய்க்கு வரும் போன் ஒன்றை ஆன் செய்து பாருங்கள். வாங்கியவர் கேட்காத கேம், ஷாப்பிங் ஆப், உடனடிக் கடன் தருகிறோம் என்று ஒன்று, இது போக ஒரு ஃபோல்டர் இருக்கும், அதைத் திறந்தால் போனில் இன்னும் இறங்கவே இறங்காத ஆப்களின் ஐகான்கள் வரிசையாக நிற்கும், விரல் தவறிப் பட்டால் போதும், இறங்க ஆரம்பித்துவிடும். வலப்பக்கம் தள்ளினால் செய்தி என்ற பெயரில் சினிமா கிசுகிசு. லாக் ஸ்கிரீனில் நேரத்துக்கு ஒரு படம், படத்துக்குக் கீழே விளம்பரம். இதையெல்லாம் யாரோ உட்கார்ந்து யோசித்துத்தான் அடுக்கியிருக்கிறார்கள், ஆனால் போனுக்குக் காசு கொடுத்தவரை மனதில் வைத்து இல்லை.

ஹோம் ஸ்கிரீன் என்பது கடைத்தெருவின் முக்குக் கடை மாதிரி, அதன் மதிப்பு கம்பெனிகளுக்கு நன்றாகவே தெரியும். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு ₹1,337.76 கோடி அபராதம் போட்டதே, அந்த வழக்கில் ஒரு முக்கியமான விஷயம் என்ன தெரியுமா? தன் ஆப்களை மொத்தமாக முன்கூட்டியே ஏற்றி, கண்ணில் படுகிற இடத்தில் வைக்கச் சொல்லி போன் தயாரிப்பாளர்களைக் கூகுள் கட்டாயப்படுத்தியது என்பதுதான். 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அந்த அபராதத்தை உறுதி செய்தது. 2025 கடைசியில், தொலைந்த போனையும் மோசடி அழைப்பையும் புகார் செய்வதற்கான அரசின் சஞ்சார் சாத்தி ஆப்பை எல்லாப் புதுப் போனிலும் ஏற்றித்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசு உத்தரவு போட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே விலக்கிக்கொண்டதும் எல்லோருக்கும் தெரியும். அரசும் கம்பெனிகளும் இவ்வளவு மல்லுக்கட்டுகிற இடத்தை ஒரு காலேஜ் பையன் தன் இஷ்டத்துக்கு அடுக்கிக்கொண்டால் அது மட்டும் வெட்டி வேலையாகிவிடுமா?

பலருக்குத் தெரியாத ஒன்று, ஆண்ட்ராய்டில் ஹோம் ஸ்கிரீனும் ஒரு ஆப்தான். லாஞ்சர் என்பார்கள். அதை மாற்றினால் போட்டோ, கான்டாக்ட், வாட்ஸ்அப் எதுவும் அழியாது, பிடிக்கவில்லை என்றால் செட்டிங்ஸில் டீஃபால்ட் ஆப்ஸ் பகுதிக்குப் போய் பழைய லாஞ்சருக்கே திரும்பிவிடலாம். ஐபோன்காரர்கள் பாவம், 2007-ல் வந்த போனில் ஐகானுக்குப் பக்கத்தில் விரும்பிய இடத்தைக் காலியாக விடுகிற வசதிக்கு 2024-ல் ஐஓஎஸ் 18 வரும்வரை காத்திருந்தார்கள். நம் ஊரில் பெரும்பாலும் ஆண்ட்ராய்டுதான், வசதி கையிலேயே இருக்கிறது, யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை.

கடைக்கு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வருவார். மகள் வாங்கிக் கொடுத்த நல்ல போன், அதில் ஐகான் மட்டும் நாலு பக்கத்துக்கு இருந்தது, மகளைக் கூப்பிட வேண்டும் என்றால்கூட பேரனைத் தேடுவார். அந்தப் பேரனே ஒரு நாள் என் கடையில் உட்கார்ந்து வேறு லாஞ்சர் போட்டு எல்லாவற்றையும் ஒரே பக்கத்துக்குக் கொண்டுவந்தான். மேலே பெரிதாக மணியும் தேதியும். அதற்குக் கீழே மகள் போட்டோ, மகன் போட்டோ, தொட்டால் நேராகக் கால் போகும். பிறகு பெயர்களை மாற்றினான், லாஞ்சரில் அது முடியும். மின்வாரிய ஆப்புக்குக் ‘கரண்ட் பில்’, கேஸ் கம்பெனி ஆப்புக்குக் ‘கேஸ் புக்கிங்’, முகத்தைக் காட்டி உயிர்வாழ் சான்று கொடுக்கிற ஜீவன் பிரமாண் ஆப்புக்குப் ‘பென்ஷன்’. மீதியெல்லாம் போனிலேயே இருக்கிறது, பார்வையில்தான் இல்லை. உங்கள் கட்டுரை திட்டுகிற வயதுப் பையன்தான் அவன். தன் போனில் நாலைந்து லாஞ்சரைப் போட்டுப் போட்டுக் கழற்றிப் பழகியிருந்ததால்தான் தாத்தா போனில் அவனால் அரை மணி நேரத்தில் முடிக்க முடிந்தது.

சரி, எதையும் இறக்கலாம் என்று நான் சொல்லவில்லை. 3டி தீம், லைவ் வால்பேப்பர் என்று பளபளவென்று வரும் லாஞ்சர்களில் பாதி விளம்பரத்துக்காகவே செய்தவை. ஹோம் பட்டனை அழுத்தினால் விளம்பரம், போனைத் திறந்தால் விளம்பரம், ‘அண்ணே வைரஸ் வந்துடுச்சு’ என்று கடைக்கு ஓடி வருவார்கள். வைரஸும் இல்லை ஒன்றும் இல்லை, போனை சேஃப் மோடில், அதாவது நாமாக இறக்கிய ஆப்கள் ஓடாத நிலையில் போட்டு அந்த ஆப்பை நீக்கினால் தீர்ந்தது, இதற்கு ஃபார்மேட் அடிக்க வேண்டும் என்று காசு வாங்குகிறவர்களும் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்று அக்ஸசிபிலிட்டி அனுமதி, பார்வைக் குறைபாடு போன்ற சிரமம் உள்ளவர்களுக்கு உதவும் ஆப்களுக்காக வைத்தது. இரண்டு முறை தட்டினால் திரை லாக் ஆக வேண்டும் என்றால் நல்ல லாஞ்சரும் இதைக் கேட்கும், காரணம் நியாயமானதுதான், ஆனால் இதே அனுமதியை வைத்துத் திரையில் ஓடுவதையெல்லாம் ஒரு ஆப்பால் படிக்கவும் முடியும். அதனால்தான் அது ஆன் ஆகியிருந்தால் சில வங்கி ஆப்கள் திறக்கவே மறுக்கின்றன. முன்பின் தெரியாத ஆப்புக்கு அதைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், பவர் பட்டனை அழுத்தினால் விரல் ஒன்றும் தேய்ந்துவிடாது.

பெயரெடுத்த ஆப் என்றும் கண்ணை மூடிக்கொண்டு இருக்க முடியாது. 2011-ல் வந்த நோவா லாஞ்சரை பிளே ஸ்டோரில் 5 கோடிக்கும் மேல் இறக்கியிருக்கிறார்கள், எனக்கும் ரொம்பப் பிடித்தது. 2022-ல் அதை பிராஞ்ச் என்ற கம்பெனி வாங்கியது, 2025-ல் அதை உருவாக்கிய கெவின் பேரியே விலகிவிட்டார், உருவாக்கியவரே போன பிறகு அதை எப்படி நம்பிச் சொல்வது? யாராவது கேட்டால் நான் இப்போது ஓலாஞ்சர், கிஸ், லான்சேர் என்று ஓப்பன் சோர்ஸ் லாஞ்சர்கள் பக்கம்தான் கை காட்டுகிறேன், அதாவது உள்ளே எழுதிய நிரலை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஓலாஞ்சரில் ஐகானே கிடையாது, வெறும் எழுத்துதான், கண் மங்கியவர்களுக்கு அதுவே வசதி. எழுத்தே படிக்க வராதவர்களுக்கு அது ஒத்துவராது, அவர்களுக்குப் போட்டோதான்.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். வாரா வாரம் ‘இந்த வாரம் பத்து ஆப்’ என்று போடுகிறீர்கள், அதைப் பார்த்துவிட்டுத்தான் நிறையப் பேர் இறக்குகிறார்கள். பத்துக்குப் பதில் மூன்று போடுங்கள், ஒவ்வொன்றும் என்னென்ன அனுமதி கேட்கிறது, விளம்பரம் வருமா, வேண்டாம் என்றால் எப்படிக் கழற்றுவது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். எழுத ஆள் இல்லை என்றால் சொல்லியனுப்புங்கள், அந்தப் பேரனையே எழுதச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு செல்போன் கடைக்காரர்,
கும்பகோணம்