தகப்பன் இடத்தில் நின்றவர்களுக்காக: ஏப்ரல் 30-க்குள் இன்னும் 4,60,000 ரூபாய் வேண்டும்

முன்னாள் மாணவ மாணவியருக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும் வணக்கம்.

நேராகவே சொல்லிவிடுகிறோம். நம் பள்ளி ஆசிரியர்கள் நினைவாகத் தொடங்கிய கல்வி வைப்பு நிதியின் இலக்கு 15,00,000 ரூபாய். இதுவரை வந்தது 10,40,000. மீதி 4,60,000 ரூபாய் ஏப்ரல் 30-க்குள் சேர வேண்டும். மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் கல்லூரிச் சேர்க்கை வேலை தலைக்கு மேல் இருக்கும். அப்புறம் ரசீதுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்க எங்களுக்கு நேரம் இருக்காது.

நம் பள்ளியில் படித்து, தகப்பனை இழந்த அல்லது தகப்பன் இருந்தும் ஆதரவில்லாத பிள்ளைகளைக் கல்லூரி வாசல் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் இந்த நிதியின் வேலை. அது புதிய வேலையும் இல்லை. நம் ஆசிரியர்கள் ஒரு குழுவும் ரசீதும் இல்லாமல் சொந்தச் சம்பளத்தில் செய்துவந்த வேலை.

பெரியவர்களுக்கு நினைவிருக்கும். காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1950களின் பிற்பகுதியில், கல்வி இயக்குநர் நெ.து.சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் ஊர் ஊராக நடந்தன. அரசு ஆசிரியரைத் தரும், பள்ளிக்கு வேண்டிய சாமான்களை ஊரே தரட்டும் என்று அன்று கேட்டார்கள். நம் ஊரும் கொடுத்தது. மணி ஒரு வீட்டிலிருந்து வந்தது, நாற்காலி இன்னொரு வீட்டிலிருந்து வந்தது. கொடுக்கப் பணமில்லாதவர்கள் சுவர் எழுப்ப மண் சுமந்தார்கள். தாத்தா பாட்டி சுமந்த மண்ணில் எழுந்த பள்ளியில்தான் நாமெல்லாம் உட்கார்ந்து படித்தோம். அந்தப் பெருமையைச் சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை இருக்கிறது. கூடவே ஒரு பொறுப்பும் இருக்கிறது.

பெரிய சாரை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தாம் வகுப்பில் தகப்பனைப் பறிகொடுத்த ஒரு பையனைச் செங்கல் சூளைக்கு அனுப்ப முடிவு செய்துவிட்டார்கள். பள்ளி விட்டதும் நேரே அந்த வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தவர், அந்த அம்மா சரி என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை. தேர்வுக் கட்டணம் கட்டாதவர்களின் பட்டியல் வந்தால் தமிழ் ஐயா வாங்கிப் பார்ப்பார். மறுநாள் அந்தப் பட்டியலில் பெயர் குறைந்திருக்கும். யார் கட்டினார்கள் என்று அவர் வாயிலிருந்து ஒருநாளும் வந்ததில்லை. கணக்கு வாத்தியார் வீட்டுக் கூடத்தில் சாயங்காலம் எத்தனை பேர் படித்தோம்! அங்கே படிப்போடு அதட்டலும் உண்டு. முடி வெட்டவில்லையா, ஏன் இரண்டு நாளாக முகம் வாடியிருக்கிறது என்று கேட்க ஓர் ஆள் உண்டு. அப்பா இல்லாத பிள்ளைக்கு அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது என்பது அந்தப் பிள்ளைக்குத்தான் தெரியும்.

பிள்ளைகளைப் பொறியியல் கலந்தாய்வுக்குச் சென்னை அண்ணா பல்கலைக்கழகம் வரை கூட்டிப்போனவரும் கணக்கு வாத்தியார்தான். எந்தக் கல்லூரி, எந்தப் பாடப்பிரிவு என்று பக்கத்தில் நின்று சொன்னார். 2018 முதல் அந்தக் கலந்தாய்வு இணையவழி நடக்கிறது. அலைச்சல் குறைந்தது உண்மை. ஆனால் விருப்பப் பட்டியலில் எதை முதலில் வைப்பது, எதைக் கீழே வைப்பது என்று சொல்ல அன்றைக்கு வாத்தியார் இருந்தார். இன்றைக்கு அந்தப் பிள்ளை தனியாகக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. வரிசையை மாற்றிப் போட்டுவிட்டால், நல்ல மதிப்பெண் இருந்தும் வேண்டாத இடம் வந்து சேரும்.

அரசுதான் எல்லாம் கொடுக்கிறதே, நீங்கள் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. 7.5 சதவீத இட ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசு ஏற்கிறது. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. நன்றியோடு சொல்கிறோம், இவை பெரிய உதவிகள். ஆனால் எல்லாரும் பொறியியலுக்குப் போவதில்லை. உதவித்தொகை கையில் கிடைப்பதும் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான். சேருவதற்கு முன்னால் முன்பணம் கட்ட வேண்டும், பயணம் போக வேண்டும், சான்றிதழுக்கு அலைய வேண்டும், நாலு உடுப்பும் ஒரு பெட்டியும் வாங்க வேண்டும். துணைக்கு ஒரு பெரியவர் போய்வர வேண்டும். பல வீடுகளில் படிப்பு அங்கேதான் நின்றுபோகிறது.

ஒரு பிள்ளைக்கு 15,000 ரூபாய் என்று கணக்குப் போட்டிருக்கிறோம். 15 லட்சத்தை வங்கியில் போட்டு, வட்டி ஏழு சதவீதம் என்று வைத்தால் ஆண்டுக்கு 1,05,000 ரூபாய், அதாவது ஏழு பிள்ளைகள். அசல் தொகையில் கை வைக்க மாட்டோம். வட்டி குறைந்தால் பிள்ளைகளின் எண்ணிக்கையைத்தான் குறைக்க வேண்டியிருக்கும். இப்போது இருக்கும் தொகையோடு நிறுத்தினால் நாலு பேரோடு சரி. ஐந்தாவது பிள்ளையிடம் போய் என்ன சொல்வது?

இதுவரை கொடுத்தவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர் அம்மா ஒருவர், தன் சீட்டுப் பணம் முழுவதையும் துணிப்பையில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவர் மாதம் தவறாமல் 200 ரூபாய் தருகிறார். ஒரு மாதம் வண்டி பழுதானபோது அடுத்த மாதம் சேர்த்துத் தந்தார். தையல் வேலை செய்யும் அக்கா ஒருவர், சேரப்போகும் பெண் பிள்ளைகள் எல்லாருக்கும் இலவசமாகத் தைத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மறைந்த டிரில் மாஸ்டரின் மகள் பெரிய தொகை கொடுத்துவிட்டு, அப்பா பெயரைக் கல்வெட்டில் போட வேண்டாம், அவருக்கு அது பிடிக்காது என்றார். இவர்கள் எல்லாருக்கும் இந்தக் குழு கைகூப்பி வணங்குகிறது. கடவுள் இவர்கள் குடும்பத்தைக் குறைவில்லாமல் வைக்க வேண்டும்.

நன்றி என்றதும் உ.வே.சாமிநாதையர் நினைவுக்கு வருகிறார். அவருடைய ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை மறைந்தது 1876-ல். ஐயர் அவருடைய வரலாற்றை எழுதி இரண்டு பாகங்களாக வெளியிட்டது 1933, 1934-ல். தமக்கே எண்பது வயது நெருங்கும்போதும் ஆசிரியரை அவர் மறக்கவில்லை. கும்பகோணம் கல்லூரியில் தாம் வகித்த பதவியை ஐயருக்கு வாங்கித் தந்தவர் தியாகராச செட்டியார். அவர் பெயரைத்தான் ஐயர் சென்னையில் தம் வீட்டுக்கும் சூட்டினார், தியாகராச விலாசம் என்று. அவ்வளவு பெரிய காரியத்தை யாரிடமும் நாங்கள் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் மனம் வருந்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. போன ஆண்டுக் கூட்டத்தில் மேடையேறி, கைதட்டலுக்கு நடுவே தொகை அறிவித்த சிலர் இன்னும் அதைத் தரவில்லை. கஷ்டம் இருந்தால் சொல்லுங்கள், குறைத்துக்கொள்ளலாம், தவணையாகவும் தரலாம். ஆனால் தொலைபேசியை எடுக்காமல் இருப்பது அழகில்லை. செய்ந்நன்றி அறிதல் அதிகாரத்தைத் தமிழ் ஐயாவிடம் ஒப்பித்து மதிப்பெண் வாங்கியவர்கள் நாம். பெரிய சார் இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறார். பார்வை மங்கிவிட்டது. போய்ப் பார்க்கிறபோதெல்லாம், இந்த வருஷம் எத்தனை பிள்ளைகள் என்றுதான் கேட்கிறார். அவர் காதில் நல்ல கணக்கு விழ வேண்டும் என்பது எங்கள் ஆசை.

சில விவரங்கள். நம் குழுவுக்கு 80ஜி சான்று இல்லை, ஆகவே வருமான வரிச் சலுகை கிடைக்காது. வெளிநாட்டு நன்கொடை பெறும் பதிவும் இல்லை. வெளிநாட்டில் வேலை செய்தாலும் இந்தியக் குடியுரிமையோடு இருக்கும் நம் பிள்ளைகள் தங்கள் சொந்தப் பணத்தை அனுப்பலாம். வேற்றுநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள் தயவுசெய்து அனுப்ப வேண்டாம். அவர்கள் ஒரு பிள்ளைக்குத் தொலைபேசியில் வழிகாட்ட வாரம் ஒரு மணி நேரம் கொடுத்தால் போதும். 100 ரூபாய் ஆனாலும் பொருளாளரிடம் ரசீது கேட்டு வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை 10 முதல் 1 மணி வரை பள்ளி நூலக அறையில் குழுவினர் இருப்போம். வரவு செலவு நோட்டு மேசை மேலேயே இருக்கும், யார் வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவர் குழு